3389ஐ மூடுங்கள்: செஞ்சி வணிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செஞ்சி வணிகர்களே, அவர்களுக்குக் கணக்கு எழுதும் நண்பர்களே, தெருத்தெருவாக இணைய லைன் இழுத்துத் தரும் கேபிள் ஆபரேட்டர்களே,



வெளியூரிலிருந்து கடைக் கணினியைப் பார்ப்பதற்காக ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டைத் திறந்து வைத்திருந்தால், அதை இந்த வாரமே மூடிவிடுங்கள். நான் கேட்க வந்தது இதைத்தான். ஏன் மூட வேண்டும், மூடிய பிறகு வேலை எப்படி நடக்கும் என்று சொல்லவே மீதி மடல்.

இதைக் கடை கடையாகப் போய்ச் சொன்னால் போதாதா என்று கேட்கலாம். போதாது. நம் ஊரில் ஒரு கட்டடத்துக்கு ஒரு ஃபைபர் லைன் வந்தால், கீழே மருந்துக்கடை, பக்கத்தில் ஜெராக்ஸ் கடை, மாடியில் டியூஷன் சென்டர் என்று மூன்று நான்கு பேர் அதைப் பகிர்ந்துகொள்கிறோம். மாதக் கட்டணத்தையும் பங்கு போட்டுக்கொள்கிறோம். எல்லோருக்கும் ஒரே ரவுட்டர், ஒரே வைஃபை பாஸ்வேர்டு. அதில் ஒருவர் தன் வசதிக்காகத் திறக்கும் போர்ட் வழியாக ஒருவன் உள்ளே வந்துவிட்டால், மற்ற மூவரின் கணினிகளும் அவன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஒருவர் திறந்ததை எல்லோரும் சேர்ந்துதான் மூட வேண்டியிருக்கிறது. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று: கடைக் கணினியை வெளியிலிருந்து பார்க்க நினைப்பதில் எந்தத் தப்பும் இல்லை. தேவை உண்மையானது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபிறகு மாதம் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கணக்கு மென்பொருளான டேலி கடைக் கணினியில் இருக்கும். கணக்கு பார்ப்பவர் விழுப்புரத்திலோ புதுச்சேரியிலோ உட்கார்ந்திருப்பார். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல் வரத்து அதிகமாக இருக்கும் நாட்களில் நெல் வியாபாரி கடைக்குத் திரும்பவே இரவாகிவிடும். அன்றைய பில்லைக் கைபேசியிலேயே பார்க்க முடிந்தால் அவருக்குப் பெரிய நிம்மதி. 2025 ஜூலையில் நம் செஞ்சிக் கோட்டை மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள் என்ற தொகுப்பின் 12 கோட்டைகளில் ஒன்றாக, தமிழ்நாட்டிலிருந்து ஒரே கோட்டையாக, யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. இனி லாட்ஜும் உணவகமும் பெருகும். அவற்றின் கணினிகளையும் யாராவது எங்கிருந்தாவது பார்க்கத்தான் வேண்டியிருக்கும். கேள்வி எந்த வழியாகப் பார்ப்பது என்பதுதான்.

ரிமோட் டெஸ்க்டாப் விண்டோஸிலேயே இருக்கும் வசதி. வெளியிலிருந்து வரும் அழைப்புக்காக அது 3389 என்ற எண்ணில் காத்திருக்கும். சாதாரணமாக அந்த எண் வெளியுலகுக்குத் தெரியாது. ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் உங்கள் கணினிக்கு 192.168 என்று தொடங்கும் உள்முகவரிதான் உண்டு. வெளியே இருப்பவருக்கு ரவுட்டரின் முகவரி மட்டுமே தெரியும். நாம் உள்ளிருந்து கேட்டதற்கு வரும் பதிலை மட்டும் ரவுட்டர் உள்ளே விடும். கேட்காமல் வருவதைத் தள்ளிவிடும். போர்ட் பார்வர்டிங் செய்யும்போது, 3389க்கு யார் வந்தாலும் கேள்வி கேட்காமல் இந்தக் கணினியிடம் அனுப்பு என்று ரவுட்டரிடம் சொல்கிறோம். யார் வந்தாலும் என்றால் உங்கள் கணக்கர் மட்டுமல்ல, உலகத்தில் எவர் வந்தாலும்.

அங்கிருந்து உள்ளே போக மிச்சமிருக்கும் ஒரே தடை பாஸ்வேர்டு. அது பெரும்பாலும் கடையின் பெயரோடு 123 சேர்ந்ததாகவோ, முதலாளியின் போன் நம்பராகவோ இருக்கிறது.

நம்மைத் தேடி யார் வரப்போகிறார்கள், நம்மிடம் என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும். இந்த நினைப்புதான் எல்லாவற்றையும்விட ஆபத்தானது. யாரும் செஞ்சியைத் தேடி வருவதில்லை. எந்த ஊர், எந்தக் கடை என்பது அவர்களுக்குத் தேவையே இல்லை. பழைய வகை இணைய முகவரிகள் உலகம் முழுவதற்கும் சுமார் 430 கோடிதான். அத்தனையிலும் ஒரு குறிப்பிட்ட போர்ட் திறந்திருக்கிறதா என்று 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்க்கும் நிரலை 2013இலேயே மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் ஆய்வுக்காக எழுதி வெளியிட்டார்கள். ஆராய்ச்சியாளர்கள் செய்ததை இன்று திருடர்களின் கணினிகள் இராப்பகலாகச் செய்துகொண்டிருக்கின்றன. நீங்கள் போர்ட்டைத் திறந்த அன்றைக்கே முதல் தட்டு விழுந்துவிடும்.

சந்தேகமிருந்தால் உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். போர்ட் திறந்திருக்கும் கணினியில் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் என்பதற்குள் செக்யூரிட்டி பகுதிக்குப் போங்கள். 4625 என்ற எண்ணை மட்டும் வடிகட்டுங்கள். தோற்றுப்போன நுழைவு ஒவ்வொன்றையும் விண்டோஸ் அந்த எண்ணில்தான் எழுதிவைக்கும். கடையைப் பூட்டிவிட்டு எல்லோரும் வீட்டில் தூங்கிய நேரத்தில், வரிசையாக, சில வினாடிக்கு ஒன்றாக, அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், யூசர், டெஸ்ட், பேக்கப், அக்கவுன்ட்ஸ் என்று பெயர் மாற்றி மாற்றி யாரோ கதவைத் தட்டிப் பார்த்திருப்பது தெரியும். வந்த முகவரிகளும் பலவாக இருக்கும். அந்தப் பட்டியலைப் பார்த்தபிறகும் போர்ட்டைத் திறந்தே வைத்திருப்பேன் என்று சொன்ன வியாபாரியை நான் சந்தித்ததில்லை. நீங்களும் ஒருமுறை பாருங்கள்.

பாஸ்வேர்டு சிக்கிவிட்டால் என்ன ஆகும்? பல நேரங்களில் உடனே ஒன்றும் ஆகாது. சிக்கிய கணினிகளின் பாஸ்வேர்டுகளை மொத்தமாக விற்கும் சந்தைகள் இருக்கின்றன. அப்படியொரு பெரிய சந்தையான எக்ஸ்டெடிக்கை 2019 ஜனவரியில் பல நாட்டுக் காவல்துறைகள் சேர்ந்து மூடின. வாங்கியவன் ஒருநாள் இரவு வருவான். முதலில் பேக்கப் எங்கே இருக்கிறது என்று தேடி அதை அழிப்பான். பிறகு டேலி போல்டர், பில்கள், ஸ்கேன் செய்த ஆவணங்கள் எல்லாவற்றையும் யாரும் திறக்க முடியாதபடி பூட்டிவிட்டு, பணம் கேட்டு ஒரு குறிப்பை வைத்துவிட்டுப் போவான். இதைத்தான் ரான்சம்வேர் என்கிறார்கள். சாம்சாம் என்ற ரான்சம்வேர் கும்பல் ரிமோட் டெஸ்க்டாப் வழியாகவே நிறுவனங்களுக்குள் நுழைந்தது என்று அமெரிக்க அரசு 2018 டிசம்பரில் எச்சரித்தது. அந்த ஆண்டு மார்ச்சில் அட்லாண்டா மாநகராட்சியையே முடக்கிய கும்பல் அது.

பாஸ்வேர்டே தேவைப்படாத ஓட்டையும் உண்டு. 2019 மே மாதம் புளூகீப் என்ற குறை வெளியானது. விண்டோஸ் 7, எக்ஸ்பி, பழைய சர்வர் பதிப்புகளில் 3389 திறந்திருந்தால் பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே வரலாம் என்ற நிலை. ஆதரவை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆன எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அப்போது திருத்தம் வெளியிட்டது என்றால் அதன் தீவிரத்தைப் புரிந்துகொள்ளலாம். நம் கடைகளில் இன்னும் விண்டோஸ் 7 ஓடிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது.

அதோடு நம் பக்கத்து வழக்கம் ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. விண்டோஸ் ஹோம் பதிப்பு வெளியிலிருந்து வரும் ரிமோட் டெஸ்க்டாப்பை ஏற்காது. புரோ பதிப்பு ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் ஏற்கும். ஒரே கணினியில் மூன்று பேர் டேலி போட வேண்டும் என்பதற்காக ராப்பர் என்ற சின்ன நிரலைப் போட்டுத் தருகிறார்கள். விண்டோஸ் அப்டேட் வந்தால் அந்த ராப்பர் வேலை செய்யாமல் போய்விடும். அதனால் அப்டேட்டையே நிறுத்திவிடுகிறார்கள். போர்ட் திறந்திருக்கிறது, பாஸ்வேர்டு எளிது, அப்டேட் நின்று இரண்டு வருடம் ஆகிறது. மூன்றும் சேர்ந்த கணினியில்தான் ஒரு குடும்பத்தின் முப்பது வருட வியாபாரம் இருக்கிறது.

இனி, போர்ட் திறந்தும் வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களுக்கு. உங்கள் எண்ணிக்கையும் அதிகம். உங்கள் நிலைமைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது.

நாம் கட்டடத்துக்குள் இணைப்பைப் பகிர்ந்துகொள்வதுபோல, இணைப்பு தரும் நிறுவனமும் ஒரே பொதுமுகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து தருகிறது. காரணம் எளிது. முகவரிகளை உலகுக்குப் பங்கிடும் மைய அமைப்பின் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. ஆசிய-பசிபிக் பகுதியின் கையிருப்பு அதே ஆண்டு ஏப்ரலில் கடைசிக் கட்டத்துக்கு வந்து, அதன்பிறகு அளந்து அளந்துதான் கொடுத்தார்கள். பிறகு வந்த கோடிக்கணக்கான இணைப்புகளுக்குத் தனித்தனி முகவரி கொடுக்க வழியில்லை. அதனால் நிறுவனமே பெரிய ரவுட்டர் ஒன்றை வைத்து, அதற்குப் பின்னால் நம் எல்லோரையும் உட்கார வைத்திருக்கிறது. இதற்கென்றே 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகளை 2012இல் ஒதுக்கினார்கள்.

உங்கள் ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் ஐ.பி. என்று ஒரு எண் இருக்கும். அது இந்த வரிசையில் இருந்தாலோ, 10 அல்லது 192.168 என்று தொடங்கினாலோ, உங்களுக்கென்று பொதுமுகவரி கிடையாது. உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் அழைப்பு அதுவரை வந்து சேராது. மேலே இருக்கும் நிறுவனத்தின் ரவுட்டரிலேயே நின்றுவிடும். அந்த ரவுட்டரைத் திறக்க உங்களாலும் முடியாது, லைன்மேனாலும் முடியாது.

இது தெரியாதபோது நடப்பதைக் கவனியுங்கள். 3389 திறந்தாயிற்று, வேலை செய்யவில்லை. உடனே விண்டோஸ் ஃபயர்வாலை அணைத்துப் பார்க்கிறார்கள். அப்போதும் இல்லை. ரவுட்டரில் டி.எம்.இசட். என்ற இடத்தில் கணினியின் முகவரியைப் போடுகிறார்கள். அதாவது 3389 மட்டுமல்ல, எந்தப் போர்ட்டுக்கு வந்தாலும் இந்தக் கணினிக்கே அனுப்பு என்று. அப்போதும் இல்லை. ஆன்டிவைரஸை நீக்கிப் பார்க்கிறார்கள். கடைசியில் மாதாமாதம் கூடுதல் பணம் கட்டித் தங்களுக்கென்று ஒரு பொதுமுகவரி, அதாவது ஸ்டேடிக் ஐ.பி., வாங்குகிறார்கள். ஐந்து நிமிடத்தில் எல்லாம் வேலை செய்கிறது. சரிசெய்ய வந்த பையனுக்குக் கூலி கொடுத்து அனுப்புகிறார்கள். வழியில் அணைத்த ஃபயர்வாலும், போட்டு வைத்த டி.எம்.இசட்.டும், நீக்கிய ஆன்டிவைரஸும் அப்படியே கிடக்கின்றன. முன்பு பயனில்லாமல் கிடந்த அத்தனை திறப்புகளும் ஸ்டேடிக் ஐ.பி. வந்த அதே நொடியில் உயிர் பெறுகின்றன. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, ஏனென்றால் வேலை முடிந்துவிட்டது.

வேறு சிலர் 3389க்குப் பதிலாக 33890 என்றோ 5000 என்றோ எண்ணை மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். போர்ட் எண்கள் மொத்தமே 65,535தான். தேடுகிற கணினிக்கு அது ஒரு பொருட்டில்லை. பதில் வரும் தோரணையைப் பார்த்தே இது ரிமோட் டெஸ்க்டாப் என்று அது கண்டுபிடித்துவிடும்.

நம் கோட்டையின் கதையை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. மராட்டிய அரசர் ராஜாராம் உள்ளே இருந்தபோது, சுல்பிகர் கான் தலைமையில் 1690இல் வந்த முகலாயப் படை 1698 வரை இந்த மலைகளின் கீழே காத்துக்கிடந்தது. அதே ராஜகிரி, அதே கிருஷ்ணகிரி, அதே சந்திரகிரி. 1750 செப்டம்பரில் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை வாயிலை வெடிவைத்துத் தகர்த்து உள்ளே புகுந்தது. விடிவதற்குள் மூன்று மலைகளும் அவர்கள் கையில். மதில் அப்படியேதான் இருந்தது, வாயில்தான் போனது. ராஜகிரி உச்சிக்கு ஏறியவர்களுக்குத் தெரியும், கடைசியில் ஒரு பாறைப் பிளவு வரும், அதன்மேல் ஒரு பாலம். வாயில் விழுந்தாலும் அடுத்த தடை ஒன்று இருக்க வேண்டும் என்று கட்டியவர்கள் நினைத்திருக்கிறார்கள். உங்கள் ரவுட்டரில் 3389 திறந்திருந்தால் அடுத்த தடை என்று எதுவும் கிடையாது.

உள்ளே வருபவன் உங்கள் கணினியோடு நிற்கவும் மாட்டான். ஒரே ரவுட்டரில் இருக்கும் மற்ற கணினிகள் அங்கிருந்து அவனுக்குத் தெரியும். மருந்துக்கடைக் கணினியில் யார் யார் என்ன மாத்திரை வாங்கினார்கள் என்று இருக்கும். ஜெராக்ஸ் கடையின் டெஸ்க்டாப்பில் நம் ஊர்க்காரர்கள் கொண்டுவந்து கொடுத்த ஆதார், பட்டா, சாதிச் சான்றிதழ் ஸ்கேன்கள் அழிக்கப்படாமல் கிடக்கும். லாட்ஜ் கணினியில் தங்க வந்தவர்களின் அடையாள அட்டைகள் இருக்கும். டியூஷன் சென்டரில் பிள்ளைகளின் பெயர், பெற்றோரின் போன் எண்கள். இதில் எதுவும் போர்ட்டைத் திறந்தவருடையது இல்லை. நம்மை நம்பி மற்றவர்கள் கொடுத்தது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்தப் பொறுப்பைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறது. போதிய பாதுகாப்பு செய்யாமல் விட்டால் அதிகபட்ச அபராதம் 250 கோடி ரூபாய் வரை என்று அது சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் பக்கத்துக் கடைக்காரர் முகத்தில் நாம் தினமும் விழிக்க வேண்டியவர்கள்.

பகிர்வில் ஒருவரின் ஓட்டை எல்லோரையும் எப்படித் தாக்கும் என்பதற்கு நாடறிந்த உதாரணம் ஒன்று சொல்கிறேன். கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராமப்புற வங்கிகளுக்கும் தொழில்நுட்பச் சேவை தரும் சி-எட்ஜ் நிறுவனத்தை 2024 ஜூலை இறுதியில் ரான்சம்வேர் தாக்கியது. பாதிப்பு பரவாமலிருக்கத் தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் அதன் தொடர்பைத் துண்டித்தது. சுமார் 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் யு.பி.ஐ. உள்ளிட்ட சேவைகளைத் தற்காலிகமாக இழந்தார்கள். அந்த வங்கிகள் எந்தத் தவறும் செய்யவில்லை, ஒரே சேவையைப் பகிர்ந்துகொண்டிருந்தன என்பதைத் தவிர. 2022 நவம்பரில் டில்லி எய்ம்ஸ் மருத்துவமனை தாக்கப்பட்டபோது ஏறத்தாழ இரண்டு வாரம் சீட்டு எழுதித்தான் நோயாளிகளைப் பார்த்தார்கள். அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்தப் பாடு என்றால், ஒரே கணினியை வைத்திருக்கும் நம்மால் எத்தனை நாள் தாங்க முடியும்?

சரி, மூடிவிட்டால் வேலை எப்படி நடக்கும்?

எளிய வழி ஒன்று. கணினியே உள்ளிருந்து வெளியே போய் இணைப்பை ஏற்படுத்திக்கொள்ளும் முறைகள் இருக்கின்றன. குரோம் ரிமோட் டெஸ்க்டாப், எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை அந்த வகை. இவற்றுக்கு எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டாம், பொதுமுகவரியும் வேண்டாம். ஆனால் நீளமான பாஸ்வேர்டும், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் கட்டாயம் போட வேண்டும். இவற்றில் சிலவற்றை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கட்டணம் உண்டு; அதைக் கட்டிவிடுங்கள். இன்னொரு எச்சரிக்கையும் இருக்கிறது. பேங்கிலிருந்து பேசுகிறேன், எனிடெஸ்க் போடுங்கள், அதில் தெரியும் எண்ணைச் சொல்லுங்கள் என்று யாராவது போனில் கேட்டால் வைத்துவிடுங்கள். இதைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2019 பிப்ரவரியில் எச்சரித்தது. நீங்களாக அழைத்தவருக்கு மட்டும் அந்த எண்ணைச் சொல்லுங்கள். உங்களை அழைத்தவருக்கு ஒருபோதும் சொல்லாதீர்கள்.

தினமும் டேலி போடுபவர்களுக்கு இதைவிட நல்ல வழி, சொந்த வி.பி.என். டெய்ல்ஸ்கேல், சீரோடயர் போன்றவற்றைக் கடைக் கணினியிலும் கணக்கரின் கணினியிலும் போட்டுவிட்டால், இரண்டும் ஒரே அறையில் இருப்பதுபோல் பேசிக்கொள்ளும். இரண்டு பக்கமும் உள்ளிருந்தே வெளியே போவதால், நிறுவனத்தின் பெரிய ரவுட்டருக்குப் பின்னால் இருந்தாலும் வேலை செய்யும். ரிமோட் டெஸ்க்டாப்பை வழக்கம்போல் அதற்குள்ளேயே பயன்படுத்தலாம். கணக்கருக்குப் பழக்கம் எதுவும் மாறாது. ஏற்கெனவே ஸ்டேடிக் ஐ.பி. வாங்கியவர்கள் வயர்கார்டு என்ற வி.பி.என்.ஐ ரவுட்டரிலோ சிறு கணினியிலோ அமைத்துக்கொள்ளலாம். அதற்கும் ஒரு போர்ட் திறக்கத்தான் வேண்டும். ஆனால் சரியான சாவி இல்லாமல் தட்டுபவனுக்கு வயர்கார்டு பதிலே சொல்லாது. அங்கே ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது.

வி.பி.என். என்றாலே சட்டவிரோதம் என்று சிலர் பயப்படுகிறார்கள். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு வி.பி.என். பற்றிச் சொல்வது, பொதுமக்களுக்கு வி.பி.என். சேவை விற்கும் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருக்க வேண்டும் என்பதுதான். நிறுவனங்கள் தங்கள் சொந்த வேலைக்கு வைத்துக்கொள்ளும் வி.பி.என்.களுக்கு அது பொருந்தாது என்று அவர்களே விளக்கமும் தந்துவிட்டார்கள். உங்கள் கடையோடு நீங்கள் பேசுவதற்குத் தடை ஏதும் இல்லை.

எந்த வழியாக இருந்தாலும் நான்கு காரியங்களை விடாதீர்கள். ரிமோட் டெஸ்க்டாப்புக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கைப் பயன்படுத்தாமல் தனிப் பயனர் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சில முறை தவறான பாஸ்வேர்டு போட்டால் கணக்கு தானே பூட்டிக்கொள்ளும்படி அமையுங்கள். விண்டோஸ் அப்டேட்டை ஓட விடுங்கள். டேலி டேட்டாவைத் தினமும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் எடுத்து, எடுத்து முடித்ததும் கேபிளைக் கழற்றி வையுங்கள். கணினியோடு மாட்டியே இருக்கும் டிஸ்க்கைத் திருடன் முதலில் அழிப்பான். அதை நம்பிப் பயனில்லை.

சி.சி.டி.வி. விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். கைபேசியில் கேமரா பார்ப்பதற்காக டி.வி.ஆர்.க்கும் போர்ட் திறந்து வைத்திருக்கிறார்கள். 2016இல் மிராய் என்ற நிரல் தொழிற்சாலைப் பாஸ்வேர்டு மாற்றாத கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அவற்றைக் கொண்டே பெரிய இணையதளங்களைத் தாக்கியது. இன்று வரும் பெரும்பாலான டி.வி.ஆர்.களில் கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து பார்க்கும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொண்டு, திறந்த போர்ட்டை மூடிவிடுங்கள்.

கணக்கர்களே, உங்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். நீங்கள் ஒருவரே பத்து இருபது கடைகளுக்குக் கணக்குப் பார்க்கிறீர்கள். அத்தனை கடைகளின் பாஸ்வேர்டும் உங்கள் லேப்டாப்பில், பல நேரம் ஒரு எக்ஸெல் கோப்பில் இருக்கிறது. உங்களிடமிருந்து அது போனால் அத்தனை கடைகளும் போகும். கடைக்காரர் தொழில்நுட்பம் அறியாதவராக இருக்கலாம். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார். போர்ட் திறந்து தந்தால்தான் கணக்குப் பார்ப்பேன் என்ற நிபந்தனையை விட்டுவிட்டு, வி.பி.என். போட்டால்தான் பார்ப்பேன் என்று சொல்லுங்கள். ஒரே மாதத்தில் பாதி ஊர் மாறிவிடும்.

கேபிள் ஆபரேட்டர்களே, உங்கள் கையில் இருப்பது இன்னும் பெரிது. போர்ட் வேலை செய்யவில்லை என்று வாடிக்கையாளர் கேட்டால், உங்களுக்குப் பொதுமுகவரி இல்லை, திறந்தாலும் பயனில்லை என்று முதல் நாளே உண்மையைச் சொல்லிவிடுங்கள். அவர் ஃபயர்வாலை அணைக்கும் நிலைக்கே போகமாட்டார். ரவுட்டர் மாட்டும்போதே அட்மின் பாஸ்வேர்டை மாற்றிக் கொடுங்கள். யு.பி.என்.பி. வசதியை அணைத்துக் கொடுங்கள். நமக்குத் தெரியாமலே கருவிகள் போர்ட் திறந்துகொள்வது அந்த வசதியால்தான். ஒரு லைனைப் பலர் பகிர்ந்துகொள்ளும் கட்டடத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி நெட்வொர்க் பிரித்துக் கொடுங்கள். பல ரவுட்டர்களில் கெஸ்ட் நெட்வொர்க் வசதி ஏற்கெனவே இருக்கிறது. அதை இயக்கினாலே அந்த கெஸ்ட் வைஃபையில் வருபவர்கள் கடைக் கணினியிலிருந்து விலகிவிடுவார்கள். ஐ.பி.வி6 கொடுக்கும் இடங்களில் ஒவ்வொரு கணினிக்கும் நேரடிப் பொதுமுகவரி கிடைக்கிறது; அங்கே ரவுட்டரின் ஐ.பி.வி6 ஃபயர்வாலை எக்காரணம் கொண்டும் அணைக்காதீர்கள்.

ஒருவேளை இந்த மடலைப் படிக்கும்போதே கோப்புகள் திறக்காமல், பணம் கேட்டு ஒரு குறிப்பு வந்திருந்தால், முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். பக்கத்துக் கடைக்காரரிடம் உடனே சொல்லுங்கள். மறைத்தால் அவர் கணினியும் போகும். ஃபார்மேட் போடாதீர்கள். அந்தக் குறிப்பைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, 1930 என்ற எண்ணிலோ தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ விழுப்புரம் சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ புகார் கொடுங்கள். செர்ட்-இன் அமைப்புக்கு 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது நிறுவனங்களுக்கான விதி. பணம் கட்டினால் கோப்பு திரும்பும் என்ற உறுதி எங்கும் இல்லை. ஐரோப்பியக் காவல் அமைப்பும் நெதர்லாந்துக் காவல்துறையும் 2016இல் தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்தில் சில வகைப் பூட்டுகளுக்கு இலவசச் சாவி கிடைக்கிறது. பணத்தை நினைப்பதற்குமுன் அங்கே தேடிப் பாருங்கள்.

கடைசியாக, செய்ய வேண்டியதைக் கட்டடம் கட்டடமாகச் செய்வோம். ஒவ்வொரு ரவுட்டரையும் பகிர்ந்துகொள்பவர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமை ஒருமணி நேரம் ஒன்றாக உட்காருங்கள். கேபிள் ஆபரேட்டரையும் கணக்கரையும் கூப்பிடுங்கள். ரவுட்டரில் போர்ட் பார்வர்டிங், விர்ச்சுவல் சர்வர், டி.எம்.இசட். ஆகிய மூன்று பக்கங்களையும் திறந்து, அதில் இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் யார் கேட்டது, எதற்குக் கேட்டது என்று பதில் தேடுங்கள். பதில் கிடைக்காத வரியை அழியுங்கள். 3389க்குப் பதில் கிடைத்தாலும் அழியுங்கள். எந்தக் கணினியை யார் எந்த வழியாக வெளியிலிருந்து பார்க்கிறார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி எல்லோரும் ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஏதாவது திறக்க வேண்டுமென்றால் மற்றவர்களைக் கேட்டபிறகுதான் என்று பேசி முடிவு செய்யுங்கள். லைனும் கட்டணமும் பொதுவாக இருக்கும்போது அதைத் திறக்கும் முடிவும் பொதுவாகத்தான் இருக்க வேண்டும்.

உதவி தேவைப்படும் கட்டடத்துக்கு நான் வருகிறேன், கட்டணம் வேண்டாம்.

அன்புடன்,
செஞ்சியில் உங்கள் கணினிகளையும் நெட்வொர்க்கையும் பழுது பார்க்கும் ஊர்க்காரன்